சங்கரி வீட்டுத் தெற்கு வாசல்

சங்கரிக்குக் கோபம் வந்தால் சுவரைச் சுரண்டுவாள். கல்கத்தாவின் ஜாதவ்பூரில் அந்தப் பழைய வீட்டை வாங்கியதிலிருந்து இதுதான் வழக்கம். கோபத்துக்குப் பஞ்சமே இல்லாததால் வேலையும் மளமளவென்று நடந்தது. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் யாராவது ஒருத்தர், வீட்டு வேலையை யார் மேடம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கரிசனமாகக் கேட்டால் போதும், அன்று சாயங்காலம் ஹாலின் கிழக்குச் சுவரில் பாதி முடிந்துவிடும். பெயிண்ட் கடைக்காரன் அவள் பொறுக்கி எடுத்த நீலத்தைப் பார்த்துவிட்டு, எதற்கும் வீட்டில் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று சொன்ன நாளில் படுக்கையறை முழுக்க முடிந்தது. அந்தச் சாரை அவள் நாற்பத்தாறு வயது வரைக்கும் கண்ணால் பார்த்ததில்லை.

அப்பா சிவலிங்கம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஹவுராவுக்கு வந்து ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் வீரபாண்டியன் எனக்கு ஒருத்தன் கீழே கைகட்டி நிற்க முடியாது, கடை வைக்கப் போகிறேன் என்று சொன்னதால், அப்பாவுக்குப் பதிலாகக் கொடுத்த வேலை சங்கரிக்கு வந்தது. அவள் சம்பளத்தில் வீடு ஓடியவரைக்கும் அவள் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அண்ணனின் மளிகைக் கடை ஹவுராவில் நிலைத்து, இட்லி அரிசிக்கும் வாழை இலைக்கும் ஊர்க்காரர்கள் அவனைத் தேடி வர ஆரம்பித்து, அவனுக்குக் கல்யாணமாகி, மகன் ராகுலும் பிறந்த பிறகுதான் எல்லோருக்கும் சங்கரி ஞாபகம் வந்தது. வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு வயது கூடிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வயது தானாகவா கூடியது? நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதானே கூடியது? இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதெல்லாம் உள்ளே கிடந்து புளித்துக்கொண்டிருந்தது.

பிறந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம். முதலில் அப்பாவுடையது, பிறகு அவளுடையது. எல்லாவற்றிலும் எண் எழுதியிருக்கும். ஃபேனில் எண், கதவில் எண், முருங்கை மரத்தில்கூட ஒரு தகரத்தை அடித்து எண் போட்டிருந்தார்கள். ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடித்தால்கூட இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் சுவரைத் தடவிப் பார்ப்பார். அண்ணன் வீடோ வேறு மாதிரி. நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு வாசலில் வந்தவரை வீட்டுக்காரர் 'வாங்க' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது ஒரு தலைமுறைக்குப் பேச்சாகிவிடும். அண்ணன் ஹவுராவில் ஃபிளாட் வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, வாசலருகே நின்ற சங்கரி முதலில் வந்தவர்களைப் பார்த்து வாங்க வாங்க என்றாள். மதினி கவிதா சிரித்த முகத்தோடு வந்து அவள் தோளைத் தொட்டு, நீங்க உள்ள போங்க, வாங்கன்னு நான் சொல்லிக்கிடுதேன் என்றாள். மதினி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வீடு அவளுடையது. சங்கரி உள்ளே போய் வெங்காயம் நறுக்கினாள். தனக்கென்று ஒரு வாசல் வேண்டும் என்று அவள் தீர்மானித்தது அந்த வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான்.

அப்படித் தேடிப் பிடித்த வீடு இது. இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி. சுவரெல்லாம் நோனா பிடித்திருந்தது. நோனா என்றால் கல்கத்தா ஈரத்தில் சுவருக்குள்ளிருந்து உப்புப் பூத்து, பூச்சு பொருபொருவென்று உதிர்கிற வியாதி. முன்னால் இருந்தவர்கள் சிவப்பு சிமெண்ட் தரையின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். சங்கரி முட்டி போட்டு, மண்ணெண்ணெய்த் துணியும் சுரண்டியுமாக, அந்தப் பசையை ஒரு குளிர்காலம் முழுக்க எடுத்தாள். கறுப்புக் கரை போட்ட சிவப்புத் தரை வெளியே வந்தபோது, இதையா மூடி வைத்தீர்கள் பாவிகளே என்று காலி வீட்டில் சத்தமாகத் திட்டினாள். ஜன்னல் கதவுகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். சுவிட்ச் பெட்டி மாட்டவும் டிரில்லைப் பிடிக்கவும் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை ஆணி வளைந்தது, இரண்டாம் தடவை விரல் நசுங்கியது, அதற்கடுத்து எல்லாம் சரியாக வந்தது.

பூச்சு வேலைக்கும் பாத்ரூமுக்கும் மட்டும் பரிமல் மிஸ்திரியை வைத்தாள். பரிமல் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அவளை அவன் முதலாளியாக நினைக்கவே இல்லை. குழாயை எந்தப் பக்கம் வைக்க என்று அவனே கேட்பான். அவள் சொன்னதும் தலையைச் சொறிந்துகொண்டு, தாதா எப்போது வருவார், அவர் வந்தால் பேசி முடித்துவிடலாமே என்பான். வங்காளியில் தாதா என்றால் அண்ணன், வீட்டு ஆம்பளைக்கும் மரியாதைக்கு அதுதான். தாதா யாரும் இல்லை, வீடு என்னுடையது, பத்திரம் என் பெயரில், திட்டுகிறவளும் நான்தான் என்று அவள் வங்காளியில் பிட்டுப் பிட்டு வைப்பாள். சரி தீதி என்பான். மறுநாள் மறுபடியும் தாதா எப்போது வருவார் என்று தொடங்குவான். அவனோடு பேசிவிட்டுத்தான் சமையலறைச் சுவரைச் சுரண்டி முடித்தாள்.

வீட்டு வாசல் தெற்கே பார்த்தது. கல்கத்தாவில் தெற்கே திறந்த வீடென்றால் அதற்குத் தனி மவுசு. வெயில் காலத்துச் சாயங்காலங்களில் ஊரே வெந்து தணியும்போது காற்று அந்தத் திசையிலிருந்துதான் வரும். பக்கத்து வீட்டு அண்ணி, ஷிப்ரா பௌதி, முதல் நாளே வந்து, "தொக்கின் கோலா, தெற்கே திறந்த வீடு கிடைத்திருக்கிறது, நீ புண்ணியம் செய்தவள்" என்று கன்னத்தைத் தட்டினாள். அண்ணன் பார்க்க வந்தபோது நடந்தது வேறு. அவன் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. செல்போனில் திசை காட்டும் முள்ளை வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். முள் ஆடி நின்றதும் அவன் முகம் கறுத்தது. தெற்கு எமன் திசை, தெற்கு வாசல் வீட்டில் ஆம்பளை தங்க மாட்டான் என்று சொன்னான். தங்க வேண்டிய ஆம்பளை யாரும் இங்கே இல்லையே என்று சங்கரி சிரித்துவிட்டாள். அவன் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான் என்றால் ஏதோ செய்யப் போகிறான் என்று அர்த்தம். அது தெரிந்தும் அவள் கவனிக்காமல் விட்டாள். அம்மா லட்சுமியம்மாள் கேட்டாள் என்பதற்காக, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டுமென்று வாசல் பூட்டின் இன்னொரு சாவியை அண்ணனிடமே கொடுத்தும் வைத்தாள்.

வைகாசியில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் நசுங்கி வேர்த்து வந்து, கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு சங்கரி தெருவில் திரும்பினாள். சாவி கையில் இருந்தது. வாசலைக் காணோம்.

வாசல் இருந்த இடத்தில் புதுச் செங்கல் சுவர் இருந்தது. பழைய தேக்கு நிலை அப்படியே நிற்க, அதன் நடுவில் கீழிருந்து மேல்வரைக்கும் கல் வைத்து அடைத்திருந்தார்கள். கலவை இன்னும் ஈரமாக, செங்கல்லுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டிருந்தது. சங்கரி ஒரு நிமிஷம் தெரு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்து ஷிப்ரா பௌதியின் வீட்டைப் பார்த்தாள். பௌதி அவள் வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து உன் தாதா இங்கேதான் இருக்கிறார், நீ சொல்லித்தான் செய்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன் என்று பதறினாள். தெற்கை யாராவது அடைப்பார்களா என்று அவளுக்குத் தாங்கவில்லை.

உள்ளே போக ஒரே வழி சமையலறையின் பின்கதவு. அது வடக்கே பார்த்தது. அந்தக் கதவு திறப்பது சாக்கடைச் சந்தில். சாக்கடை அடைத்தால் குத்திவிட வருகிறவர்களும் பூனைகளும் மட்டும் போகிற சந்து. இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். சங்கரி ஆபீஸ் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதியில் கால் வழுக்கிச் சாக்கடைக்குள் போய், கணுக்கால் வரைக்கும் நனைந்தது. சொந்த வீட்டுக்குள் அப்படித்தான் நுழைந்தாள்.

உள்ளே வீரபாண்டியன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பரிமல் மிஸ்திரி வாளியில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தான். நாலு மாதமாகத் தேடிய தாதா கிடைத்துவிட்ட சந்தோஷம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவளிடம் ஒரு குழாய்க்கு ஒன்பது கேள்வி கேட்டவன், வீட்டு வாசலையே அடைக்கச் சொன்ன ஆளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுக்கு ஒரு போன் போடவில்லை. கழற்றிய வாசல் கதவுகள் இரண்டும் பாத்ரூம் சுவரில் சாத்தியிருந்தன.

"வந்துட்டியா" என்றான் அண்ணன். "நாளைக்கு அடுக்களைக் கதவைப் பெருசாக்கிருவான். வடக்கு வாசல், குபேரன் திசை. வாஸ்துக்காரருகிட்ட கேட்டுத்தான் செய்தேன். எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்."

"சாக்கடையில இறங்கி வரச் சொல்லுதியா என்னை?"

"மேல ஒரு ஸ்லாப் போட்டு மூடிருவோம். நீ தனியாளு, ஒனக்கு எந்த வழியா வந்தா என்ன? ஒனக்குப் பொறவு இது ராகுலுக்குத்தானட்டி வரப்போவுது. அவன் பொண்டாட்டி பிள்ளையோட இருக்கப்போற வீடு. நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா?"

அவன் அதை ரகசியமாகவோ குற்ற உணர்வோடோ சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் சங்கரியைக் கொன்றது. அவள் உயிரோடு எதிரே நிற்கிறாள், காலில் சாக்கடை சொட்டுகிறது, அவன் அவளுக்குப் பிறகு என்கிறான். முட்டி தேய்ந்து அவள் வெளியே கொண்டுவந்த சிவப்புத் தரையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இந்த வீட்டுக்கு அவள் வெறும் காவல் என்கிறான். அப்பா வேலையை அவளுக்குக் கொடுத்ததும், கல்யாணத்தைத் தள்ளிப் போட்டதும், வெங்காயம் நறுக்க உள்ளே அனுப்பியதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அலமாரிக்கு அடியிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தாள். முக்காலியைக் கொண்டுபோய்ச் சுவருக்கு முன்னால் போட்டு ஏறினாள். பரிமல் பதறிப்போய் அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"அவரைப் பாக்காதே" என்று வங்காளியில் சொன்னாள். "என்னைப் பாரு. இந்த வீட்டுல நான் சொல்லாம ஒரு கல்லைத் தொட்டே, அன்னையோட ஒனக்கு இங்க வேலை கிடையாது."

வெளியே நிற்கிறவர்களை விலகச் சொல்லும்படி ஷிப்ரா பௌதிக்குக் குரல் கொடுத்தாள். பிறகு மேல் வரிசையின் முதல் கல்லுக்கடியில் உளியை வைத்து ஒரு போடு போட்டாள். கலவை காயவில்லை. கல் ஆடிப்போய்க் கையோடு வந்தது. அதைத் தூக்கி அண்ணனுக்கு முன்னால் தரையில் போடலாம் என்று கை பரபரத்தது. தரையில் விழுந்தால் சிவப்புப் பெயர்ந்துவிடும். அந்தக் கோபத்திலும் தரை ஞாபகம் இருந்தது. குனிந்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனாள். அண்ணன் ஏதேதோ சொன்னான். பிடிவாதக்காரி என்றான், ஒத்தையில இருந்து இருந்து புத்தி கெட்டுப்போச்சு என்றான், அப்பா இருந்திருந்தால் என்று ஆரம்பித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் வந்தது. மேலே இரண்டு வரிசை போனதும் இடைவெளி வழியாகத் தெற்குக் காற்று உள்ளே வந்து, வேர்த்திருந்த அவள் நெற்றியில் பட்டது. பரிமல் மெதுவாக வந்து, கல்லை வாங்கி அடுக்குகிறேன் தீதி என்று கையை நீட்டினான். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சுவர் இடுப்பளவுக்கு இறங்கியபோது வீரபாண்டியன் எழுந்தான். "இந்த வாசல் வழியா நான் காலெடுத்து வைக்க மாட்டேன், கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகச் சாக்கடைச் சந்தில் இறங்கிப் போனான். அவன் போன பிறகுதான் அவளுக்குச் சாவி ஞாபகம் வந்தது. சாவி அவன் சட்டைப் பையிலேயே போய்விட்டது.

கதவில்லாத வீட்டைப் போட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸுக்குப் போக முடியாது. பௌதி கொடுத்த பாயை விரித்து அன்றைக்கு அங்கேயே படுத்தாள். சொந்த வீட்டில் அவள் தூங்கிய முதல் ராத்திரி அதுதான், அதுவும் ஆங்காரத்தோடு. மறுநாள் சனிக்கிழமை; அதுவும் ஞாயிறும் மிச்சக் கல்லை எடுத்துக் கதவை மாட்டுவதில் போயின. ஒவ்வொரு கதவும் ஆளைக் கவிழ்க்கிற கனம். அடியில் கட்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பித் தூக்கி, கீலுக்குப் புது ஸ்க்ரூ போட்டுத் தனியாகவே மாட்டினாள். பூட்டையும் மாற்றிவிடலாம் என்று கடைவரைக்கும் போனாள். வாங்காமல் திரும்பி வந்தாள். என் சாவியை எடுத்துப் போனவன் கொண்டுவந்து கொடுக்கட்டும், நான் எதற்காகப் பூட்டை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அந்த வாரம் முழுக்கப் போன் ஓயவில்லை. அம்மா அழுதாள். மதினி, உங்க அண்ணன் சாப்பிடாமல் கிடக்கிறார் என்றாள். சங்கரன்கோவிலிலிருந்து பெரியப்பா மகன் ஒருவன், அவள் முகத்தையே பார்த்திராதவன், பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்றான். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் வரலாம், வாசல் தெற்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். போனை வைத்துவிட்டுச் சுரண்டலாமென்று பார்த்தால், சுரண்ட ஒரு சுவர்கூட மிச்சமில்லை. எல்லாம் வழவழவென்று நீலமாக இருந்தன.

வெள்ளிக்கிழமை வாசலில் மாக்கோலம் போட்டு, மாவிலை கட்டினாள். ஹோமம் கீமம் எதுவும் வைக்கவில்லை. தம்பதியாக உட்கார ஆள் எங்கே என்று ஐயர் கேட்பதற்கு இடம் கொடுக்கவில்லை. அடுப்பு, பால் பானை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். வங்காளிகள் நல்ல காரியத்துக்கு ஊதுகிற சங்கோடு ஷிப்ரா பௌதி வந்து உட்கார்ந்திருந்தாள். டாக்சி வந்து நின்றது. அம்மாவும் மதினியும் வாசலுக்கு முன்னால் இறங்கினார்கள். அம்மா வாசற்படியில் ஒரு கணம் தயங்கினாள். சங்கரி வாங்கம்மா என்றதும் வலது காலை வைத்து உள்ளே வந்து, சுவரைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் நீயேவா செய்தே என்று கேட்டாள்.  அண்ணனும் டாக்சியில்தான் வந்தான் போலிருக்கிறது. ஆளைக் காணவில்லை.

பால் விளிம்பைத் தொடுகிற நேரத்தில் பின்கதவு தட்டப்பட்டது.

"சங்கரி, கதவைத் தொற" என்று அண்ணனின் குரல்.

அம்மா அனிச்சையாக எழுந்தாள். அவன் தட்டிய கதவை எல்லாம் அவள்தான் இத்தனை வருஷமும் திறந்தாள். சங்கரி, நீ உட்காரும்மா என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் போனாள். தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை.

"வாசல் அந்தப் பக்கம்."

"சாக்கடைல நிக்கேன்டி. பட்டு வேட்டி எல்லாம் போச்சு. தொற."

"அன்னைக்கு நானும் அதுலதான் நின்னேன்."

 பால் பொங்கி வழிந்தது. பௌதி யாரையும் கேட்காமல் சங்கை எடுத்து ஊதினாள். அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க சங்கரி நிற்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஹாலைக் கடந்து வாசலுக்குப் போனாள். அண்ணன் சந்தைச் சுற்றிக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தான். வேட்டிக் கரை கறுத்து, காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் ரெண்டு பேர் நின்று பார்த்தார்கள். மதினி முந்திக்கொண்டு வாசலுக்கு வரப் பார்த்தாள். சங்கரி நிலையில் கையை வைத்துக் குறுக்கே நின்றாள்.

பிறந்ததிலிருந்து அவனை அவள் வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"வாங்க அண்ணே" என்றாள். "அந்தச் சாவியைக் குடுத்துட்டு உள்ள வாங்க."

வீரபாண்டியன் படிக்குக் கீழே நின்று அவளைப் பார்த்தான். அப்படி ஒரு 'வாங்க' அவளிடமிருந்து வருமென்று அவன் நினைத்ததே இல்லை. பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவி, சாவியை எடுத்து, அவள் நீட்டிய கையில் வைத்தான். சங்கரி அதை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு வழி விட்டாள்.